வியாழன் மாலையில் வந்த மரை

போன வருஷம் ஒக்ரோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என் தங்கை வசந்தி மொன்றியலில் தன் சமையலறையில் மயங்கி விழுந்தாள். அவளுடைய கணவர் யோகன் அந்த நேரம் மூன்று மணிநேரத் தொலைவில், தொலைபேசி வேலை செய்யாத ஒரு காட்டில், மரை சுடுவதற்காகத் துவக்கோடு காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் அம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் அவசரமாக வயிற்றில் சத்திரசிகிச்சை.

ஆஸ்பத்திரியில் இருந்து யோகன் யாழ்ப்பாணத்துக்கு எனக்குப் போன் எடுத்து அழுதார். "அத்தான், வெள்ளிக்கிழமையில உயிர் கொல்லப் போனன், அதுதான் இப்பிடி. எங்கட முருகனிட்டப் போய் எனக்காக ஒரு நேர்த்தி வையுங்கோ. அவள் எழும்பினால் இனி வெள்ளிக்கிழமையில என்ர கையால ஒரு உயிரும் போகாது." நான் அப்படியே போய் வைத்தேன். வசந்தி எழும்பிவிட்டாள். இந்த வருஷம், "வந்து என்னை ஒருக்காப் பார்த்திட்டுப் போங்கோ அண்ணை" என்று ரிக்கெற் அனுப்பினாள். ஒரு பொட்டலம் திருநீறோடு நான் போய் இறங்கினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவன். ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் கையில் ஒரு மணிக்கூடு கட்டிவிட்டார்கள். மணி, திகதி, கிழமை மூன்றும் காட்டும். விமானத்தில் எல்லோரும் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. ஊர் நேரம்தான் நேரம், மற்ற நாட்டுக்காரர் ஒன்பதரை மணிநேரம் பிந்தி ஓடினால் அது அவர்கள் பாடு.

வசந்தியின் வீடு மொன்றியலின் லாசால் பகுதியில், மூன்றாம் மாடியில். முதல் நாளே பஸ் பார்க்கப் போனேன். தரிப்பிடத்துப் பலகையில் நாலு நிமிடம் என்று போட்டிருந்தது. நாலாவது நிமிடம் பஸ் வந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. சாரதி "பொன்ஜூர்" என்றார். எல்லோரும் ஏறியதும் பழக்கதோஷத்தில் நான் பக்கத்துத் தகரத்தை இரண்டு தரம் தட்டி "றைற்!" என்றேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாரதி மட்டும் ஏதோ புரிந்தவர் போலக் கையை உயர்த்திவிட்டுப் பஸ்ஸை எடுத்தார்.

வீட்டில் களஞ்சிய அறையை அடைத்துக்கொண்டு ஓர் உறைபெட்டி நின்றது. அதற்குள் நான் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். திறந்து பார்த்தேன். உள்ளே ஐஸ் மட்டும்தான்.

"அஞ்சு வருஷமா இந்த மனிசன் காட்டுக்குப் போறார்," என்றாள் வசந்தி. "இதுவரைக்கும் கொண்டு வந்தது தடிமனும் காய்ச்சலும்தான்."

"இந்த முறை விழும்," என்றார் யோகன். "பதினாலு வீட்டுக்குப் பங்கு சொல்லிப்போட்டன்."

எங்கள் பக்கத்தில் கிடாய் அடித்தால் பங்கு போடுவது வழக்கம். யார் யாருக்குப் பங்கு என்று முதலில் பெயர் எழுதுவார்கள், பிறகுதான் கிடாயைப் பிடிப்பார்கள். கிடாய் வளவில் கட்டி நிற்பதால் அதில் பிழை வராது. யோகன் அதே முறையில், காட்டில் தன்பாட்டில் புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு விலங்குக்குப் பெயர் எழுதிவிட்டார். இங்கே அதற்கு மூஸ் என்று பெயர். எங்கள் ஆட்கள் அதைக் கனடா மரை என்கிறார்கள். வன்னியில் மரை இறைச்சி வத்தல் சாப்பிட்ட நாக்குகள் பதினாலு வீட்டிலும் காத்திருந்தன.

இந்த வருஷம் விட்டால் இனி இல்லை என்பதுதான் யோகனின் கவலை. அந்தக் காடுகளில் ஒரு மூஸைச் சுட்டால் இரண்டு வேட்டைக்காரரின் அனுமதிச் சீட்டுகளை அதில் கட்டவேண்டும் என்பது சட்டம். யோகனோடு சேரும் மற்றச் சீட்டுக்காரர், பிரெஞ்சுக்காரரான ரெயால். இருபது வருஷமாக இருவரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் நின்றவர்கள். ரெயாலுக்கு ஓய்வு வந்துவிட்டது. வசந்தகாலத்தில், ஒரு முழு நாள் ஓட்டத் தூரத்தில், கடற்கரையில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார்.

"எங்கட ஆக்களில ஒருத்தரைச் சேருமன்," என்றேன்.

"எங்கட ஆக்கள் பங்குக்கு வருவினம், அத்தான். காட்டுக்கு வராயினம்."

புதன்கிழமை விடிய, யோகனையும் வேடிக்கை பார்க்க என்னையும் காட்டுக்கு ஏற்றிப்போக ரெயால் தன் பிக்அப்பில் வந்தார். வெள்ளை மீசை, பெரிய வயிறு, சிரிக்கும்போது அந்த வயிறும் சேர்ந்து சிரித்தது. என் கையைக் குலுக்கியவர் மூக்கைச் சுருக்கி யோகனிடம் ஏதோ பிரெஞ்சில் சொன்னார்.

"என்னவாம்?"

"உங்கட தலையில இருக்கிற தேங்காயெண்ணெய் மூஸுக்கு ரெண்டு மைல் தூரத்தில மணக்குமாம். முழுகிப்போட்டு வரட்டாம்."

அறுபத்து மூன்று வயதில் வாசமில்லாத சவர்க்காரம் போட்டு இரண்டாம் முறை முழுகினேன். திருநீறு பூசலாமா என்று கேட்பித்தேன். ரெயால் யோசித்து, அதில் மணம் இல்லை, அது பரவாயில்லை என்று அனுமதித்தார். வசந்தி கட்டித் தந்த பொதியில் இருந்து கருவாடு மட்டும் வெளியே எடுக்கப்பட்டது. இடியப்பமும் சம்பலும் தப்பின.

நகரம் முடிந்ததும் மரங்கள் தொடங்கின. மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், இடையில் ஏரி, பிறகும் மரங்கள். ஒரு மதகு, ஒரு தேநீர்க் கடை, சும்மா குந்தியிருக்க நாலு பேர், ஒன்றும் இல்லை. ஒரு மணிநேரம் ரசித்தேன். பிறகு நித்திரை கொண்டுவிட்டேன்.

காட்டு வாசலில் ஒரு மரக் குடில். அரசாங்கக் காடு, யாரும் போகலாம். ஆனால் போகும்போது பெயர் பதிந்து, எந்தப் பகுதியில் நிற்கப்போகிறோம் என்று சொல்லவேண்டும். திரும்பும்போது என்ன சுட்டோம் என்று எழுதிவிட்டுப் போகவேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பில் புது இரத்தம் ஓடியது. பஸ் போனதும் வந்ததும் எழுதுகிற என்னுடைய வேலைதானே இது! குடிலில் இருந்த பெண்ணின் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். நேர்கோடு, சுத்தமான எழுத்து. வந்த நேரம் பதினொன்று இருபது என்று எழுதினார். என் மணிக்கூட்டைப் பார்த்தேன், எட்டு ஐம்பது.

"யோகன், அந்தப் பிள்ளை நேரத்தைப் பிழையா எழுதுது."

"அத்தான், தயவுசெய்து உங்கட மணிக்கூட்டை மாத்துங்கோ."

"மாத்தமாட்டன்."

குடில் வாசலில் சீருடைக்காரர் ஒருவர் வந்து துவக்கைக் காட்டச் சொன்னார். யோகன் எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் நான் பார்த்த சீருடைகளுக்கு முன்னால், எங்கள் பிள்ளை ஒருவன் துவக்கோடு நிற்பதை நான் கற்பனையிலும் பார்த்ததில்லை. அந்த மனிதர் அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என் செம்மஞ்சள் மேலங்கியின் பட்டி முறுக்கியிருந்ததைச் சரிசெய்துவிட்டு, "நல்ல வேட்டை அமையட்டும்" என்று வாழ்த்தினார். பிக்அப்பில் ஏறிய பிறகு அந்தப் பட்டியை நான் இரண்டு தரம் தடவிப் பார்த்தேன்.

உள்ளே கல் பாதை. பத்தாவது மைலில் ரயர் வெடித்தது. வண்டியைத் தூக்க வைத்த ஜக்கு சேற்றில் புதைந்தது. ஊரென்றால் கொண்டக்டர் "எல்லாரும் இறங்குங்கோ" என்பார், நாற்பது பேர் தள்ளுவோம். இங்கே மூன்று பேர்தான், அதில் ஒருவன் நான். அரைமணி நேரத்தில் பின்னால் இன்னொரு வாகனம் வந்தது. செம்மஞ்சள் தொப்பி போட்ட நாலு ஆண்கள் இறங்கி, ஒரு பலகையைக் கொண்டுவந்து ஜக்குக்குக் கீழே வைத்து, ரயரை மாற்றி, எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு சொசேஜும் தந்துவிட்டுப் போனார்கள். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. ஊரில் இதற்குள் அப்பா பெயர், பள்ளிக்கூடம், சீதனம் எல்லாம் விசாரித்து முடிந்திருக்கும்.

இரவு ஏரிக்கரைக் குடிலில் ரெயால் அவித்த பயற்றங்காய் விதை வைத்திருந்தார். அதில் மேப்பிள் மரத்துப் பாணி ஊற்றியிருந்தது. தித்திப்பான கறியை நான் அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். அவர் எங்கள் சம்பலைப் பாண் துண்டில் பூசிச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வடிய, இன்னும் கேட்டார்.

வியாழக்கிழமை விடியற்காலை போனோம். ஒன்றும் வரவில்லை. மதியம் திரும்பி வந்து சாப்பிட்டு, பின்னேரம் மறுபடியும் போனோம். ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பலகை அடித்த மறைவிடம். யோகனும் நானும் அதற்குள் இருந்தோம். ரெயால் எங்களுக்குப் பின்னால் நூறு அடி தள்ளி, பற்றைக்குள் நின்றார். அவர் கையில் மரப்பட்டையைச் சுருட்டிச் செய்த ஒரு குழல். அதை வாயில் வைத்துப் பெண் மூஸ் போல அழைத்தார். கன்று ஈனப்போகிற பசுவின் சத்தம் அது. அந்த வயிற்றுக்குள் இருந்து அப்படி ஒரு ஏக்கம் வருமென்று நான் நினைக்கவில்லை.

ஒரு மணிநேரம் அசையாமல் இருந்தோம். கால் விறைத்தது. இருட்ட இன்னும் அரைமணி நேரம் இருந்தபோது, எதிர்ப்பக்கத்தில் தடி முறியும் சத்தம். பிறகு அது வெளியே வந்தது.

மரை என்று சொன்னதற்காக நான் அந்த விலங்கிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எங்கள் மரை இதற்குப் பேரப்பிள்ளை. ஆளுயரத்துக்கு மேலே தோள். தலையில் இரண்டு சுளகைக் கவிழ்த்துக் கட்டியது போலக் கொம்பு. தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, எங்களுக்குத் தன்னை முழுதாகக் காட்டிக்கொண்டு நின்றது.

யோகன் துவக்கை உயர்த்தினார். ஐந்து வருஷம் காத்திருந்த மனிதரின் மூச்சு எனக்குப் பக்கத்தில் கேட்டது.

முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஏதாவது முக்கியமாக நடந்தால் என் கண் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். போனது. மணி மூன்று பத்து. பக்கத்துச் சின்னக் கட்டத்தில் கிழமை, வெள்ளி.

நேர்த்தி வைத்தவன் நான். தேங்காய் உடைத்தவன் நான். கோயில் இருப்பது ஊரில், சொல் கொடுத்தது அங்கே, முருகன் கணக்குப் பார்ப்பது அந்த நேரத்தில். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. சொல்லாமல் விட்டிருக்கலாம். நேரம் பிழைத்தால் என் வாய் சும்மா இராது.

"யோகன்," என்று கிசுகிசுத்தேன், "ஊரில வெள்ளி பிறந்திட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். மூஸைப் பார்த்தார். பிறகு துவக்கை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்தார். அந்த விலங்கு எங்களுக்கு அவகாசம் தருவது போல இன்னும் இரண்டு நிமிடம் நின்றது. நிதானமாகத் தண்ணீர் குடித்தது. பிறகு திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது.

ரெயால் பற்றையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஏன் சுடவில்லை? சத்தம் கேட்டதே, வந்ததுதானே?" வெள்ளிக்கிழமை வேட்டை இல்லை என்பது அவருக்கு முன்னமே தெரியும், அதற்கு அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் இன்று வியாழன். யோகன் என் கையைப் பிடித்துத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டி, யாழ்ப்பாணத்தில் இப்போது வெள்ளி என்று விளங்கப்படுத்தினார். ரெயால் நீண்ட நேரம் என் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மழை. மூன்று பேரும் குடிலுக்குள் இருந்தோம். ரெயால் தனியாகப் போகலாம், ஆனால் போகவில்லை. எங்களுக்காகப் பன்றி போடாமல் பட்டாணி சூப் வைத்தார். கரண்டியைக் கிண்டியபடி ஏதோ சொல்ல, யோகன் மொழிபெயர்த்தார். "அவற்ற அம்மாவும் வெள்ளிக்கிழமை இறைச்சி சமைக்கமாட்டாவாம். ஒருநாள் மறந்து சாப்பிட்டதுக்கு அடி விழுந்ததாம்." கொஞ்சம் பொறுத்து ரெயால் இன்னும் ஏதோ சொன்னார். இதை யோகன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"ஆனா தன்ர அம்மா வேற நாட்டு மணிக்கூடு பாக்கிறேல்லையாம்."

சனிக்கிழமை பொழுது சாயும் வரை இருந்தோம். குழல் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வாகனத்துக்கு நடந்து வரும் வழியில் ரெயால் இரண்டு காட்டுக் கவுதாரிகளைச் சுட்டார். எங்கள் சின்னக் கோழி அளவு. காட்டு வாசல் குடிலில் அந்தப் பெண் பதிவேட்டில் மூஸ் என்ற இடத்தில் சைபரும், பறவை என்ற இடத்தில் இரண்டும் போட்டார். அந்தச் சைபரை என்னால் பார்க்க முடியவில்லை.

லாசாலில் எங்களை இறக்கிவிட்டு, ரெயால் இரண்டு பறவையையும் யோகனிடமே கொடுத்தார். பிறகு அந்த மரப்பட்டைக் குழலையும் எடுத்துக் கொடுத்தார். யோகன் வாங்க மறுத்தார். "கடற்கரையில் எனக்கு இது எதற்கு?" என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். யோகன் குழலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாகனம் திரும்பும் வரை தெருவில் நின்றார். நான் பொதிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அந்த மூன்று மாடியும் எனக்கு அன்று முப்பது மாடி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியில் இருந்து போன். பங்கு எப்ப? பெட்டி கொண்டு வரட்டோ, நீங்களே தாறியளோ? யோகன் "பேந்து சொல்லுறன், பேந்து சொல்லுறன்" என்று வைத்துக்கொண்டிருந்தார். வசந்தி இரண்டு கவுதாரிக்குப் பத்து உருளைக்கிழங்கு போட்டுக் கறியைப் பெருப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமே வரேல்லையோ?" என்று கேட்டாள்.

யோகன் உருளைக்கிழங்குத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது எனக்கு இன்னும் வலித்தது. நானே எல்லாவற்றையும் சொன்னேன். சுளகுக் கொம்பு, மணி மூன்று பத்து, வெள்ளி.

வசந்தி அகப்பையோடு திரும்பினாள்.

"விடியக்காலமை மூண்டு மணியோ?"

"மூண்டு பத்து."

"அண்ணை," என்றாள், "எங்கட கோயில்ல நாள் பிறக்கிறது நடுச்சாமத்திலயோ, சூரியன் உதிக்கேக்கயோ?"

சுவரில் பஞ்சாங்க நாட்காட்டி தொங்கியது. நான் அதைப் பார்க்கத் தேவையில்லை. உதயத்தில் இருந்து உதயம் வரைக்கும்தான் ஒரு நாள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முருகனுக்கு அப்போது இன்னும் வியாழக்கிழமைதான். நடுச்சாமத்தில் கிழமை மாறுவது டிப்போவுக்கும் என் மணிக்கூட்டுக்கும் மட்டும்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பஸ்ஸையும் நான் இப்படிப் பிழையாக மறித்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வசந்தி என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, முன்னுக்கு நிண்டதையோ விட்டனீங்கள்?"

"ஓம்."

"அஞ்சு வருஷம் பாத்துக்கொண்டிருந்ததை?"

"வெள்ளி எண்டு அத்தான் சொன்னார். பேந்து என்ன பாக்கிறது? உனக்கு ஏதும் நடந்தால்?" என்றார் யோகன். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெயாலுக்குப் போன் எடுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள்.

யோகன் எடுத்தார். பிரெஞ்சில் நெடுநேரம் விளக்கினார். சூரியன் என்பதற்குக் கையால் வட்டம் போட்டார், போனில் அது தெரியாது என்பதை மறந்து. மறுமுனையில் அந்தச் சிரிப்பு கேட்டது. அவ்வளவு தூரத்தில் அந்த வயிறு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் சிரித்துவிட்டு ரெயால் ஏதோ சொல்ல, யோகனின் முகம் மாறியது.

"என்னவாம், என்னவாம்?" என்றோம் நாங்கள் இருவரும்.

"அந்த மூஸ் எங்களுக்குக் கடன்பட்டிருக்காம். அடுத்த ஒக்ரோபர் அங்கயிருந்து வண்டி ஓடி வாறாராம். குழலைப் பத்திரமா வைச்சிருக்கட்டாம்." யோகன் என் பக்கம் திரும்பினார். "உங்களையும் கட்டாயம் வரட்டாம், அத்தான்."

"நானோ?"

"ஓம். மணிக்கூட்டை மட்டும் விட்டிட்டு வரட்டாம்."

கீழே அழைப்புமணி அடித்தது. முதல் பங்குக்காரர் பெட்டியோடு வந்துவிட்டார். நான் மணிக்கூட்டைக் கழற்றி யோகனிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டுபோய், களஞ்சிய அறையில் இருந்த அந்தப் பெரிய உறைபெட்டியைத் திறந்து, உள்ளே போட்டு மூடினார்.